1858 டிசம்பர், பாறசாலை

டிசம்பர் பிறந்துவிட்டால் களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றங்கரை வரை சாலையோரக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். இருட்டியதும் கரோல் குழுக்கள் கிளம்பிவிடும். ஒரு வீட்டு முற்றத்தில் தமிழ்க் கீர்த்தனை, அடுத்த வீட்டில் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று இந்த ஊர்களுக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது. விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றங்கரை அந்தப் பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நிற்கவில்லை.

கிறிஸ்துமஸ் பண்டிகையை மிஷனரி ஐயர்மார் கப்பலில் கொண்டுவந்து தந்தார்கள் என்பது ஊரில் வழக்கமான பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே பெருநாள் உண்டு. தெற்குத் திருவிதாங்கூரில் ஊழியம் செய்த லண்டன் மிஷனைத் தாங்கியவர்களோ பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையார். அவர்களுடைய பியூரிட்டன் முன்னோர் கிறிஸ்துமஸே ஆகாது என்றவர்கள். 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அதைத் தடைகூடச் செய்தது. தப்பும் தாளமும் தெருப்பாட்டும் நம்மவர்கள் சேர்த்தவை.

இந்த எல்லையோரப் பாறசாலையில் இருந்து ஊழியம் செய்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ். திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டுகளைப் பின்னாளில் புத்தகமாக எழுதினார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன்பு ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பலுக்கு மாதக்கணக்காகும். மிஷனரிகளின் சொந்த ஊரில் யாராவது இறந்தால் அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் இங்கே அழ முடியும். நெய்யூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் சார்லஸ் லெய்ச் 1854இல் முட்டம் கடலில் குளிக்கப்போய் மாண்டார். அந்நிய மண்ணில் அவர்கள் பட்டதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் 1858 டிசம்பரை நினைத்தால் வேறு முகங்கள்தான் முன்னே வந்து நிற்கின்றன.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், மேலாடை உடுத்தும் உரிமையை ஒட்டிய தோள்சீலைக் கலவரம் மறுபடி மூண்டது. மேலாடை போட்டுச் சந்தைக்குப் போன நாடார் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. அடி விழுந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 27 அன்று, திவான் மாதவராவ் விளம்பரம் வெளியிட்டார். யாரும் அடிதடியில் இறங்கக் கூடாது என்றது அது. கூடவே, பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்றும் சொன்னது. பழைய வழக்கம் என்றால் தோள்சீலை இல்லாமல் நடப்பது. பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்திய ஒரு பெண், இரண்டு நாள் கழித்துத் தெருவில் இறங்க எத்தனை யோசித்திருப்பாள்!

மிஷனரிகள் மனு எழுதினார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் ஆணை வந்தது. மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அரைகுறை நீதிதான். அதையும் அடிவாங்கிப் பெற்றவர்கள் பெண்கள். மனு எழுதிய ஐயர்மாரின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. துணி கிழிபட்டவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்?

அடிமைகளின் கதையும் இதே மண்ணில்தான். 1855 வரை புலையரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் முடிந்தது. அரசாணை விடுதலை தந்த பிறகும் பொதுவழியில் அவர்களை நடக்கவிடவில்லை. அவர்கள் குடிசைவரை நடந்து போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த வேலையில் பெரும்பகுதி உள்ளூர் உபதேசியார்களுடையது.

கீர்த்தனைக்கு வருவோம். நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்துத் திருப்புறத்தில் 1847இல் பிறந்தவர் மோசவத்சலம் சாஸ்திரியார். பாறசாலையிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் ஊழியம் செய்த சாமுவேல் மட்டீரின் காலத்தவர். கர்நாடக ராகங்களில் அவர் கட்டிய மலையாளக் கீர்த்தனைகள் சபை வேறுபாடு இல்லாமல் கேரளம் முழுக்கப் பாடப்படுகின்றன. ஆங்கில மெட்டைப் பழகிய சபைக்கு, தன் சொந்த ராகத்தில் கும்பிடக் கற்றுத்தந்தவர் இந்த எல்லையோரத்துக்காரர். கரோலுக்குப் போகும் பிள்ளைகளிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது.

1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் வேதநாயகம் சாமுவேல் அசரியா உள்ளிட்ட இந்தியர்கள் கூடி தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் பணமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. உபதேசியார்கள் காலமெல்லாம் செய்த வேலைக்கு நியாயமான தொடர்ச்சி அது. இன்று தென்கோடி ஊர்களின் பிள்ளைகள் வடநாட்டில் ஊழியம் செய்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் கிறிஸ்துமஸ் கழிப்பது இப்போது அவர்கள் முறை.

1922இல் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கூட்டத்தையும் தனியாகத் திணறிய டாக்டரையும் பார்த்து, லண்டனில் காத்திருந்த வேலையை உதறிவிட்டு இங்கேயே டாக்டராக வந்தார். காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தகும். அதே எல்லையோரத்துச் சபைகள் இந்த டிசம்பரில் உபதேசியார்களின் பெயர்களையும், வேதம் சொல்லிக்கொடுத்த பைபிள் உமன்களின் பெயர்களையும், தோள்சீலைக்காக அடிபட்ட பாட்டிகளின் பெயர்களையும் பழைய பதிவேடுகளிலிருந்து தேடியெடுத்து ஆராதனையில் வாசிக்கட்டும். அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் சிலராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.