“அம்மா, டேட்டா தீர்ந்துடும்மா!”
ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகள் போடும் சிக்கனக் கணக்கு

சென்னை,

“கண்ணா, மொகத்தைக் காட்டுடா!” என்று இங்கே தாய் கெஞ்சுகிறாள். “வீடியோ வேணாம்மா, டேட்டா தீர்ந்துடும்” என்று அங்கே பிள்ளை மறுக்கிறான். மாம்பலம், பெரம்பூர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

பிள்ளைக்குப் பாசம் குறைந்துவிட்டதா? அதெல்லாம் இல்லை. பணக் கணக்கு!

ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்காக ஒரு முடக்கக் கணக்கில் முன்பணம் கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை வருடத்துக்கு 11,904 யூரோ ஆனது. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, இன்சூரன்சு, போன் எல்லாம் அதற்குள்ளேதான்.

28 நாள் மாதம்

நம் ஊரில் 2016-ல் ஜியோ வந்த பிறகு, தினம் 1½ ஜி.பி., 2 ஜி.பி. என்று பழகிவிட்டது. விடிந்தால் புது டேட்டா! அங்கே பிரீபெய்டு பேக் பெரும்பாலும் 4 வாரத்துக்கு இவ்வளவு என்றுதான் வரும். முதல் வாரமே ஊதித் தள்ளினால் மீதி மூன்று வாரம் திண்டாட்டம். 28 நாளுக்கு ஒரு தரம் கட்டினால் வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை பணம் போகும். இது பலர் கவனிக்காத விஷயம்.

டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும் பேக்குகள் உண்டு. அந்த வேகத்தில் ஒரு எம்.பி. போட்டோ வர 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை விழுங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று போதும், பேக்கைக் காலி செய்ய!

குட்மார்னிங் ஆபத்து

கெட்டிக்காரப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால் குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பும் குட்மார்னிங் வீடியோக்களே பாதி டேட்டாவைத் தின்றுவிடும். (பெரியப்பா கோபிக்க வேண்டாம்!) ஊர் வரைபடத்தை வை-பையில் இறக்கி வைக்கிறார்கள். லேப்டாப்பை போனோடு இணைக்கும்போது ‘மீட்டர்டு’ என்று மாற்றுகிறார்கள். விண்டோஸ் அப்டேட் திருட்டுத்தனமாக இறங்காது.

கை கொடுப்பது ‘எடுரோம்’. கல்லூரி தரும் ஒரே பாஸ்வேர்டில், அந்த வசதி உள்ள எந்தப் பல்கலைக்கழகத்திலும் வை-பை இலவசம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இது உண்டு. பாட வீடியோக்களை நூலகத்திலேயே இறக்கிக்கொண்டுதான் அறைக்குப் புறப்படுகிறார்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். குளிர்காலத்தில் அந்த நாடு நமக்கு 4½ மணி நேரம் பின்னால். கோடையில் 3½ மணி நேரம். இங்கே இரவு 9 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே மாலை 4.30. பிள்ளை இன்னும் கல்லூரியில்தான் இருப்பான். அப்போது கூப்பிட்டால் வீடியோவிலேயே முகம் பார்க்கலாம், செலவில்லை! நடுராத்திரி வரை விழித்திருந்து கூப்பிடுவதுதான் வீண் வேலை.

எல்லையில் உஷார்

2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் போனுக்குத் தனி ரோமிங் கட்டணம் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்து யூனியனில் சேரவில்லை. எல்லையோர ஊரான கான்ஸ்டன்ஸில் நின்றாலே போன் அந்த நாட்டு டவரைப் பிடித்துவிடும். பேக்கில் சுவிட்சர்லாந்து சேராவிட்டால், அங்கே போகும்போது ரோமிங்கை அணைத்து வைக்க வேண்டியதுதான்.