வைக்கோலும் வெண்பங்கசும்

சூடு மிதித்து நெல்லை வீடு சேர்த்தபின் களத்தில் எஞ்சுவது வைக்கோல். கோடையிற் புல் கருகும்போது மாட்டின் வயிற்றை நிரப்புவதும் அதுவே. ஆயினும் வைக்கோலை மட்டும் தின்ற மாடு மெலிகின்றது, பாலும் குறைகின்றது. காரணம் யாது?

வைக்கோலிற் பெரும்பகுதி நாரே. அதிலுள்ள செலுலோசை மாட்டின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செரிக்க வல்லவை. ஆனால் இலிக்னின் என்னும் கடினப் பொருள் செலுலோசைக் கவசம்போற் சூழ்ந்துள்ளது. அதனைச் சிதைக்க ஒட்சிசன் வேண்டும்; முதலிரைப்பையிலோ ஒட்சிசன் இல்லையென்றே கூறலாம். ஆகவே மாட்டினால் இயலாததை நாம் வெளியிலேயே செய்வித்தல் வேண்டும்.

அதைச் செய்பவை வெண்ணழுகற் பங்கசுகள். நாம் உண்ணும் சிப்பிக் காளானும் அவ்வினத்ததே. வைக்கோலை நறுக்கி, நனைத்து, வெந்நீரிலிட்டுப் பிற பூசணங்களை ஒடுக்கி, ஆறியபின் காளான் வித்தைக் கலந்து சில வாரங்கள் வைத்தால் கவசம் தளரும். நாள் நீடித்தாலோ, பங்கசு செலுலோசையும் உண்டுவிடும். மாட்டுக்கு மிஞ்சுவது குறையும்.

ஒன்றை மறவாதீர்கள். மழையில் நனைந்து தானாகப் பூசணம் பிடித்த வைக்கோல் வேறு, இது வேறு. பூசணங்களுட் சில அபிளாதொட்சின் என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கும். மாடு அதைத் தின்றால் அந்நஞ்சு உருமாறிப் பாலிலும் வரும். அப்பாலைக் குடிப்பது நம் குழந்தை. பச்சையோ கறுப்போ படர்ந்த, துர்நாற்றம் வீசும் வைக்கோலை எருக்குழியில் இடுங்கள்.

பதப்படுத்திய வைக்கோலிலும் புரதம் சிறிதே. ஆதலால் கிளிசிரிடியா போன்ற பசுந்தழையையும் உடன் கொடுத்தல் நன்று.