பிள்ளையின் முட்டும் வீட்டுக்கு அடியில் இருக்கும் ஈரமும்



யூன் மாதம் பிறந்தால் எங்கள் கிளினிக்கில் அதே முகங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். சென்ற குளிர்காலத்தில் ஒரு தாய் தனது ஆறு வயது மகனுடன் ஐந்து கிழமைக்குள் மூன்றாவது தடவை வந்தார். இரவில் இருமல், விடிய முட்டு, பாடசாலை இல்லை. "டொக்டர், இந்த நீலப் பம்ப் காணாது போல கிடக்கு. இன்னும் பவரான மருந்து ஏதும் தாங்கோ" என்றார்.

மருந்தை மாற்றி எழுதினோம். பிறகு, "பிள்ளை படுக்கிற அறை எந்தப் பக்கம்?" என்று கேட்டோம். மருந்து கேட்க வந்த இடத்தில் இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். அறை தெற்குப் பக்கம். அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கிழமைக்கு ஒருமுறை துடைக்கிறாராம், மறுகிழமை திரும்ப வந்துவிடுகிறதாம்.

"வீட்டுச் சொந்தக்காரரிட்டச் சொன்னீங்களோ?"

"ஐயோ வேண்டாம் டொக்டர். எங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்லை. இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடு கிடைச்சதே பெரிய காரியம்."

இந்தக் கடைசி வசனத்தை நாங்களும் ஒரு காலத்தில் சொன்னவர்கள்தான். 1998இல் அகதிகளாக ஒக்லாந்துக்கு வந்து, இரவில் ஒரு கந்தோரைக் கூட்டித் துடைத்து, பகலில் மருத்துவப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். கைக்குழந்தைக்கு மார்பில் சளி. மருத்துவம் படித்த நாங்களே அதை "குளிர் தேசம், அப்படித்தான்" என்று எடுத்துக்கொண்டோம். பலகைத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்கத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. ஊரில் வீட்டுக்கு அடி என்று ஒன்று இல்லை. அத்திவாரம் போட்டு மண் நிரப்பிச் சீமெந்து பூசினால் அதுதான் தரை. நியூசிலாந்தின் பழைய வீடுகள் அப்படியல்ல. கட்டைகளின் மேல் பலகைத் தரை, அதற்கும் மண்ணுக்கும் இடையில் ஒருவர் தவழ்ந்து போகக்கூடிய இடைவெளி. அந்த மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். 100 சதுர மீற்றர் வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்து ஒரு நாளைக்கு 40 லீற்றர் வரை தண்ணீர் ஆவியாகலாம் என்று இங்குள்ள கட்டட ஆய்வு நிறுவனமான 'பிரான்ஸ்' கணக்குச் சொல்கிறது. நாலு வாளித் தண்ணீர்! அது வெளியே போக வழியில்லாவிட்டால் பலகை இடுக்குகளால் மேலே ஏறும். குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகும். பூஞ்சணத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். இங்கே வெயில் வடக்கிலிருந்து வருவதால் தெற்குப் பக்க அறைதான் முதலில் கறுக்கும். எங்கள் ஆட்கள் பெரிய அறையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை விடுவதும் அநேகமாக அந்த அறையில்தான்.

இந்த நாட்டில் புதிய வீடுகளுக்கு இன்சுலேஷன் எனப்படும் வெப்பக்காப்பு கட்டாயமானது 1978 ஏப்ரலில். அதற்கு முன் கட்டிய வீடுகள் பல, காப்பே இல்லாமல் நின்றன. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் பிரிவில் பேராசிரியர் பிலிப்பா ஹவுடன்-சப்மன் குழுவினர், நெஞ்சு வருத்தக்காரர் ஒருவராவது இருந்த சுமார் 1,350 பழைய வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி வீடுகளுக்கு உடனே காப்புப் போட்டார்கள், மற்றப் பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. முடிவு 2007இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. படுக்கையறைச் சூடு கூடியது சராசரியாக அரைப் பாகைதான். ஆனால் ஈரலிப்பும் குறைந்தது. இளைப்பும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் நின்ற நாட்களும் குறைந்தன. எரிசக்திச் செலவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. எங்கள் மருந்துச் சீட்டுக்களில் இப்படிப் பலன் தருபவை அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. 2019 யூலை 1க்குள் வாடகை வீடுகளின் சீலிங்குக்கு மேலும் தரைக்குக் கீழும் காப்புப் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். அதே வருடம் 'ஹெல்தி ஹோம்ஸ்' விதிகள் வந்தன. 2025 யூலை 1இலிருந்து எல்லா வாடகை வீடுகளும் அவற்றுக்கு அமைய இருக்க வேண்டும்.

காப்பின் தடுப்புச் சக்தியை 'ஆர்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் கூடினால் சூடு வெளியே போவது குறையும். புதிதாகப் போடுவதானால் சீலிங்குக்கு ஒக்லாந்து, வெலிங்டன் போன்ற இடங்களில் 2.9, தென்தீவில் 3.3, தரைக்கு எங்கும் 1.3. பிரதான இருப்பறையில் 18 பாகை செல்சியஸ் வரை சூடாக்கக்கூடிய, பொருத்திய ஹீட்டர் வேண்டும். 18 பாகை என்பது உலக சுகாதார நிறுவனமும் 2018இல் சொன்ன அளவு. குசினியிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும். பலர் அறியாதது வீட்டின் அடியைப் பற்றிய விதி. அடிப்பகுதி காற்றோட்டமின்றி அடைபட்டிருந்தால் மண்ணின்மேல் பொலித்தீன் விரித்திருக்க வேண்டும். ஆள் நுழையவே முடியாத இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வாடகை ஒப்பந்தத்தோடு இந்த விதிகள் பற்றிய அறிக்கை ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து வாசியுங்கள். குறை இருந்தால் முதலில் மரியாதையாக ஈமெயிலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். நடக்காவிட்டால் 14 நாள் அறிவித்தல், அதற்கும் அசையாவிட்டால் வாடகை நியாயசபை. விதியை மீறிய சொந்தக்காரருக்கு அங்கே 7,200 டொலர் வரை செலுத்த உத்தரவிடலாம். விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முறையிட்டதற்குப் பழிவாங்க வீட்டை விட்டு எழுப்புவதும் சட்டத்துக்கு மாறானது.

இதை வாசிப்பவர்களில் வீடு வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறீர்கள். நாங்களும் ஒரு சின்ன வீடு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கே இருந்த அம்மா இரண்டு குளிர்காலம் "அறை ஈரமாக்கிடக்கு" என்று சொன்னபோது, "யன்னலைத் திறந்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தோம். 2019இல் விதி வந்த பிறகுதான் ரோச்லைற்றோடு அடியில் புகுந்தோம். குளியலறைக் குழாய் ஒழுகி மண் சேறாகக் கிடந்தது. அந்த அம்மாவுக்கும் முட்டு வருத்தம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். குழாயைத் திருத்திப் பொலித்தீன் விரிக்க ஒரு நாள் வேலைதான். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டது அதைவிடக் கடினமாக இருந்தது.

சொந்த வீட்டில் இருப்பவர்களை இந்த வாடகை விதி கட்டுப்படுத்தாது. ஆனால் மண் உங்கள் வீடு, வாடகை வீடு என்று பார்ப்பதில்லை. பொலித்தீன் 0.25 மி.மீ. தடிப்பில் வாங்குங்கள். விரிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று 150 மி.மீ. ஏற வேண்டும். வெளிச்சுவரின் அடியில் உள்ள காற்றுத் துவாரங்களையும் பாருங்கள். மரவீட்டுக் கட்டட நியமம் ஒவ்வொரு சதுர மீற்றர் தரைக்கும் 3,500 சதுர மில்லிமீற்றர் திறப்புக் கேட்கிறது, அதாவது இரண்டு நெருப்புப்பெட்டி அளவு. எங்கள் வீட்டில் அந்தத் துவாரங்களுக்கு முன்னால் வரிசையாகக் கறிவேப்பிலைச் சாடிகள் நின்றன! அவற்றை நகர்த்தக் காசு தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. தரைக்கு அடியில் வெள்ளித்தாள் போன்ற பழைய காப்பு தொங்கினால் கை வைக்க வேண்டாம். அதில் அடித்த ஆணி மின்கம்பியைத் தொட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 2016 யூலையிலிருந்து வீடுகளில் அதைப் போடுவதும் திருத்துவதும் தடை. அடியில் இறங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், முகக்கவசம் போடுங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். ஐம்பது தாண்டியவர்கள் ஆள் பிடித்துச் செய்விப்பது நல்லது. எங்கள் இடுப்பு சாட்சி. வருமானம் குறைந்த சொந்த வீட்டுக்காரருக்கு 2018இல் தொடங்கிய 'வோமர் கிவி ஹோம்ஸ்' திட்டத்தில் உதவி கிடைக்கக்கூடும். ஆள் பிடிக்குமுன் அதை விசாரியுங்கள்.

எங்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே காயப்போடும் ஒரு மெஷின் உடுப்பு 5 லீற்றர் வரை தண்ணீரை வீட்டுக்குள் விடும். சில்லுப் பூட்டிய காஸ் ஹீட்டரில் ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் நீராவி வரும், நெஞ்சுக்கு ஆகாத வாயுக்களும் சேர்ந்து. சோறு, பருப்பு அவியும்போது மூடியைப் போட்டு விசிறியையும் போடுங்கள்.

அந்தப் பையனின் தாய்க்கு ஈமெயில் எழுத எங்கள் வரவேற்பாளர் உதவினார். பதில் வர மூன்று கிழமை எடுத்தது. பொலித்தீனும் குளியலறை விசிறியும் போட்டார்கள், பிள்ளையின் கட்டிலும் வடக்குப் பக்க அறைக்கு மாறியது. முட்டு முற்றாகப் போய்விடவில்லை. தடுப்புப் பம்ப் இன்னும் தினமும் எடுக்கிறான். யாரும் இதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. ஆனால் ஓகஸ்ட் மாதம் முழுக்க அவனைக் கிளினிக்கில் காணவில்லை.

அடுத்த முறை இருமல் என்று வரும்போது, பிள்ளை படுக்கிற அறைச் சுவரையும் வீட்டின் அடியையும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வாருங்கள். பார்த்துக் கதைப்போம்.