வாலிபர் ஊழியமும் விசுவாச வளர்ச்சியும்

கிறிஸ்தவ சபைகளில் வாலிபர் சங்கத்தின் தலைமை பெரும்பாலும் இளவயதினர் ஒருவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. வேதவகுப்பை நடத்தவும், ஜெபக் கூட்டத்தில் முன்னின்று பேசவும் ஓர் ஆள் வேண்டும். சற்றுப் பேச்சு வன்மையுள்ள இளைஞன் அகப்பட்டுவிட்டால் பொறுப்பு அவன் தலையில் ஏறிவிடும். அவனுடைய விசுவாசம் முதிர்ந்துவிட்டதா என்று அப்பொழுது எவரும் கேட்பதில்லை. தான் இன்னும் அனுபவித்தறியாத உண்மைகளைப் பிறருக்கு எடுத்துரைக்கும் நிலை அவனுக்கு ஏற்படுகிறது. இதில் ஓர் அபாயம் உண்டு. சொல்லிச் சொல்லியே சொல் வெறும் பழக்கமாகிவிடலாம். எனினும், அவன் வளர்வதற்கான வழியும் அங்கேதான் திறக்கிறது. பிறருக்குச் சொன்ன சொல் ஒருநாள் சொன்னவனிடமே வந்து கணக்குக் கேட்கும். வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் இவ்வாறுதான் நிகழ்ந்தது. அவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இடம் உண்டு.

அசரியா 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் அக்கிராமத்துக் குருவானவர். அவர் 1889இற் காலமாக, தாயாரின் கண்டிப்பான வளர்ப்பிலே மகன் கல்வி கற்றார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றவர், இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றதாற் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895இல், இருபத்தொரு வயதிலே, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர்களுள் ஒருவராகச் சேர்ந்தார்.

பதினான்கு ஆண்டுகள் இப்பணி நீடித்தது. தென்னாட்டு நகரங்கள்தோறும் சென்று மாணாக்கரைக் கூட்டுவதும், அவர்களோடு வேதம் வாசிப்பதும், தனித்தனியே உரையாடுவதும், ஜெபிப்பதுமே அவருடைய தொழில். 1896இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்னும் இளைஞர் அவருக்கு உற்ற நண்பரானார். ஆள்வோரின் நிறத்தவர் ஒருவரும் ஆளப்படும் நாட்டவர் ஒருவரும் சமமாய்ப் பழகுதல் அக்காலத்தில் அரிதாயிருந்தது. 1910இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டிலே, மேல்நாட்டு மிஷனெரிகள் தியாகம் பல செய்தும் நட்பை மாத்திரம் தரவில்லையென்று அசரியா வெளிப்படையாகக் குறை கூறினார். அந்த நட்பின் சுவையை அறிந்தவராதலால் அதன் இன்மையையும் அவர் உணர்ந்திருந்தார் போலும்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். வாலிபர் தலைவராக, இங்குள்ள வாலிபரை ஊக்குவிக்க வந்தவர் அவர். ஆனால் இங்கு அவர் கண்டது வேறொன்று. அமெரிக்க மிஷன் 1816இல் ஊன்றிய சபைகளிலே வளர்ந்த யாழ்ப்பாணத்து மாணாக்கர் தாமே ஒரு மிஷனெரி சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால், தமிழகத்துத் தொண்டிப் பகுதியில் ஊழியரை ஆதரித்து வந்தனர். வெள்ளையர் கட்டளையிட்டு நடந்த காரியமன்று அது. யாழ்ப்பாணத்தைவிடக் கிறிஸ்தவர் தொகை பன்மடங்கு மிகுந்தது திருநெல்வேலி. அத்திருச்சபை இத்தகைய பணியொன்றை ஏன் தானே மேற்கொள்ளவில்லை என்னும் கேள்வி அசரியாவின் உள்ளத்தை உறுத்தியது. ஊழியத்தைப்பற்றி ஏழாண்டுகளாக வாலிபரிடம் பேசிவந்தவருக்கு, வாலிபரே அதனைச் செய்து காட்டினர். தலைவன் என்னும் பெயரைத் தாங்குவோனுக்கு இதனினும் கூரிய பாடம் வேறில்லை. மனம் புண்படாமல் இதனை ஏற்றுக்கொள்வது எளிதுமன்று.

ஊர் திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. 1903 பெப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டுமென்பது அதன் உறுதி. நைஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்குப் பகுதி அதன் பணிக்களமாயிற்று. 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று சேரம்பூரிலே பல சபைப் பிரிவினரும் கூடி இந்திய தேசிய மிஷனெரி சங்கத்தை அமைத்தபோதும் அவர் முன்னின்று உழைத்தார்.

இப்பொழுது அவர் வேலை பிறரை அழைப்பது. வீட்டையும் தாய்மொழியையும் விட்டுத் தொலைவான கிராமங்களுக்குப் போகும்படி இளைஞரைக் கேட்க வேண்டும். சிலர் சென்றனர். அவரோ மதிப்புள்ள பதவியில் இருந்தார். மேடைகள் அவரை எதிர்நோக்கின. மனைவி மக்களும் இருந்தனர். போகச் சொல்லும் தாம் ஏன் போகவில்லை என்னும் வினாவை அவராலே நெடுங்காலம் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1909இற் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, தாம் தொடங்கிய சங்கத்தின் மிஷனெரியாகவே தோர்னக்கல் சென்றார். மேடைப் பேச்சிலே தேர்ந்த அந்நாவு தெலுங்கைக் கற்கவேண்டியிருந்தது.

1912 டிசம்பர் 29ஆந் திகதி கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. பதவி உயர்ந்தபோதும், வாலிபர் ஊழியத்திற் கற்ற பாடத்தை அவர் கைவிடவில்லை. தோர்னக்கலிலே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள், ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா வகுப்பினர், எழுத்தறியாதோர். நன்கு கற்று முதிர்ந்தபின் ஊழியஞ் செய்யட்டும் என்று அவர்களை அவர் காத்திருக்க வைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தத்தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிடில் தமக்குக் கேடு என்னும் கருத்துடைய அப்போஸ்தலர் பவுலின் வாக்கைத் தம் வாயாற் சொல்லும்படி செய்தார். முந்திய நாள்வரை பிறர் முன்னிலையில் வாய்திறக்க உரிமையற்றிருந்தோர், ஈரம் உலராத தலையிற் கைவைத்து அதனைச் சொல்லித் தம் கிராமங்களுக்குத் திரும்பினர்.