மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் விதி வடிவமைப்பும் ஆட்டக்காரரின் அமிழ்வும்

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. சிற்றுருவப் படைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்த இதுவே மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைமைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வகை விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதையுலகை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் செய்வதையும் பேசுவதையும் வாய்மொழியாகக் கூறுவர். ஐயத்துக்குரிய செயல்களின் விளைவைப் பகடையும் விதிநூலும் முடிவுசெய்யும்.

ஆட்டக்காரர் தம்மை மறந்து கதைமாந்தராகவே உணரும் நிலை இக்கட்டுரையில் அமிழ்வு எனப்படுகிறது. விதிகள் குறையக் குறைய அமிழ்வு மிகும் என்பது ஆட்டக்காரரிடையே பரவலாக உள்ள கருத்து. இது பாதி உண்மையே. விதி ஆட்டக்காரரிடம் எழுப்பும் வினாவும் கதைமாந்தர் எதிர்கொள்ளும் வினாவும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே விதிகளின் எண்ணிக்கையைவிட முதன்மையானது என்பதை மூன்று விளையாட்டுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று தளங்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட ஆய்வுநூலில், எர்விங் கோஃப்மனின் சட்டகப் பகுப்பாய்வை இவ்விளையாட்டுகளுக்குப் பொருத்திக் காட்டினார். மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே வேளையில் மனிதராகவும் ஆட்டக்காரராகவும் கதைமாந்தராகவும் இயங்குகிறார். பசிக்கும்போது மனிதர், பகடையின் எண்ணைக் கூட்டும்போது ஆட்டக்காரர், அரக்கனைக் கண்டு அஞ்சும்போது கதைமாந்தர். விதி செயற்படுவது இடைத்தளத்தில். அது கீழுள்ள தளத்தோடு இணைந்தும் செல்லலாம், அதைத் துண்டித்தும் விடலாம்.

ஒரே கட்டுப்பாடு, இரு விளைவு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தொடக்கப் பதிப்புகளில் மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்தையும் முன்கூட்டியே மனனம் செய்துகொள்ள வேண்டும். ஓதியவுடன் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸின் புனைகதைகளிலிருந்து பெறப்பட்ட முறை இது. இன்று எந்த மந்திரம் தேவைப்படும் என ஆட்டக்காரர் எண்ணும்போது, கதைமாந்தரும் விடியலில் அதையே எண்ணுகிறார். 2008இல் வெளிவந்த நான்காம் பதிப்போ போர்வீரனின் சில தாக்குதல்களையும் நாளுக்கு ஒருமுறை என வரையறுத்தது. காலையில் வீசிய வாள்வீச்சை மாலையில் ஏன் வீச இயலாது என்பதற்குக் கதையுலகுக்குள் தெளிவான விடை இல்லை. அத்தாக்குதலை எப்போது செலவிடுவது என்பது ஆட்டக்காரரின் கணக்கு மட்டுமே. போர்வீரன் அக்கணக்கை அறியான். கட்டுப்பாடு ஒன்றுதான். முன்னதில் அது கதைமாந்தரின் கவலை, பின்னதில் ஆட்டக்காரரின் சிக்கனம். (அப்பதிப்பின் தந்திரச் சுவையில் தோய்ந்தவர்கள் உண்டு. அது ஆட்டத்தில் அமிழ்தல். கதைமாந்தரில் அமிழ்தலோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது.)

அறிவே ஆபத்தாகும் விதி

சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து, கேயோசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட கால் ஆஃப் கதுலு, எச்.பி. லவ்கிராஃப்டின் அச்சக் கதைகளைத் தழுவியது. இதில் ஒவ்வொரு கதைமாந்தருக்கும் சித்தத் தெளிவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. கொடுங்காட்சி எதிர்ப்படும்போது 1 முதல் 100 வரையான எண்ணைத் தரும் பகடைகள் உருட்டப்படும். வரும் எண் சித்தத் தெளிவின் எண்ணைவிட மிகுந்தால் இழப்பு பெரிது. ஒரே காட்சியில் 5 புள்ளியோ அதற்கு மேலோ இழந்தவர், தம் அறிவாற்றலுக்கு எதிராக மீண்டும் உருட்ட வேண்டும்.

இவ்விரண்டாம் உருட்டல் நுட்பமானது. பிற இடங்களில் வெற்றி நன்மை தரும்; இங்கு வெற்றி பெற்றவரே தற்காலிகப் பித்துக்கு ஆளாகிறார். தோற்றவர் கண்டதன் பொருளை முழுதும் உணராமல் தப்புகிறார். மேலும், அத்தொன்மப் பேருயிர்கள் பற்றிய அறிவு எவ்வளவு உயர்கிறதோ, சித்தத் தெளிவின் உச்சவரம்பு 99இலிருந்து அவ்வளவு குறையும். ஆகவே பழஞ்சுவடி ஒன்று கையில் கிடைக்கும்போது, படிப்பதா மூடிவைப்பதா என்னும் தயக்கம் ஆட்டக்காரருக்கு உண்மையாகவே எழுகிறது. அஞ்சுவதாக அவர் நடிக்க வேண்டியதில்லை. எண்ணும் கூட்டலும் நிறைந்த விதியமைப்பு இது. எனினும் அமிழ்வைக் குலைக்கவில்லை.

கையின் நடுக்கம்

2005இல் வெளிவந்த டிரெட் பகடையை அறவே கைவிட்டது. மேசை நடுவே 54 மரக்கட்டைகளாலான ஜெங்கா கோபுரம் நிற்கும். கதைமாந்தரின் திறன்கள் எண்களாகத் தரப்படுவதில்லை; ஒரு வினாநிரலுக்கு ஆட்டக்காரர் எழுதும் விடைகளே அம்மாந்தரை உருவாக்குகின்றன. இடர்மிகுந்த செயலுக்கு ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால், சரித்தவரின் கதைமாந்தர் கதையிலிருந்து நீங்குவார். உருவ மறுக்கலாம், ஆனால் அச்செயல் தோல்வியுறும்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. இங்கு வரிசை மாறுகிறது: கை முதலில் நடுங்குகிறது, அந்நடுக்கத்தையே ஆட்டக்காரர் கதைமாந்தரின் அச்சமாகக் கொள்கிறார். ஒவ்வொரு கட்டையும் கோபுரத்தை மேலும் தளர்த்துவதால், கதையின் நெருக்கடியும் தானே ஏறுகிறது.

கோபுரத்தை வேண்டுமென்றே தள்ளிவிடவும் விதி இடமளிக்கிறது. அவ்வாறு தள்ளுபவரின் கதைமாந்தர் மடிவார். மேற்கொண்ட செயல் நிறைவேறும். அந்நொடியில் மேசையில் நிகழும் முடிவும் கதையில் நிகழும் முடிவும் வேறல்ல.

இப்பொருத்தத்துக்கு எல்லையும் உண்டு. தேர்ந்த அறுவை மருத்துவரை ஏற்றவருக்கு இயல்பாகவே கைநடுக்கம் இருக்கலாம். விதிநூல் வாக்களித்த திறனை அவர் விரல்கள் ஒவ்வொரு முறையும் மறுக்கும்; ஃபைன் கூறும் முதல் தளமாகிய மனிதர், கதைமாந்தரை மறைத்துக்கொண்டு முன்வந்து நிற்பார். அத்தகையவருக்குப் பகடையின் நடுநிலையே அமிழ்வுக்கு உகந்தது.