பிரயாணப் பைக்குள் ஒரு மேசைக் கணினி



ஊர்விட்டு ஊர் சென்று வேலை செய்பவருக்கு ஏற்ற கணினி எது என்று கேட்டால், மடிக்கணினி என்பதே எவரும் தயங்காமற் கூறும் விடை. மடித்து எடுத்துச் செல்லலாம். மின்கலம் உள்ளேயே இருக்கிறது. விரித்த இடமே கந்தோராகிவிடும். விமான நிலையத்திலும் சிற்றுண்டிச் சாலையிலும் அமர்ந்து எழுதுவோருக்கு இவ்விடை முற்றும் பொருந்தும். நமது மலைநாட்டிலே, ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, இதே விடை பொருந்துமா என்பதைத்தான் இன்று ஆராயவிருக்கிறோம்.

ஆராய வேண்டியதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், இலட்சம் ரூபாய் பெறுமதியான ஒரு கருவியை வாங்க ஏறக்குறைய 74 நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். மகனுக்கோ மகளுக்கோ தாய் வாங்கிக் கொடுக்கும் முதற் கணினி இரண்டு வருடத்தில் பழுதானால், இன்னொன்று வாங்குவது எளிதன்று.

இங்கே ‘நடமாடும் வேலை’ என்பது எத்தகையது? பகலில் தோட்டப் பாடசாலையிலும் மாலையில் நகரத்து வகுப்பிலும் கற்பிக்கும் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொழிற்சாலைகளின் கணக்கை மாறி மாறிப் பார்க்கும் கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரநாட்களில் நகரத்தில் ஓர் அறையிலும் வார இறுதியில் லயத்து வீட்டிலும் இருந்து கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் இளைஞரையும் நினையுங்கள். இவர்களில் எவரும் பிரயாணத்தின்போது வேலை செய்வதில்லை. டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு சாய்ந்து நிற்பவர் மடியில் எதை விரிப்பார்? புறப்படும் இடத்தில் ஒரு மேசை, போய்ச் சேரும் இடத்தில் ஒரு மேசை. இவையே அவருடைய வேலைத்தலங்கள். ஆகவே கருவியைத் தெரிவு செய்யும்போது வழியைப் பார்ப்பதிலும், வழியின் இரு முனைகளைப் பார்ப்பதே முறை.

இது புதிய எண்ணமுமன்று. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஒஸ்போர்ன் 1’ என்னும் கணினி, எடுத்துச் செல்லத்தக்கதென்று புகழ்பெற்றது. அதன் நிறை சுமார் 11 கிலோ! அதற்குள் மின்கலமும் இல்லை. சென்ற இடத்தில் சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பியே அது வாழ்ந்தது. கணினி பயணம் தொடங்கிய காலத்தில் மேசையிலிருந்து மேசைக்குத்தான் பயணம் செய்தது.

இன்று ‘மினி பீசி’ எனப்படும் சிறு மேசைக் கணினி, ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் சதுரமும் மூன்றரை சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்டது. டெல், லெனோவோ, எச்.பி. ஆகிய நிறுவனங்கள் பெரிய அலுவலகங்களுக்கென இவ்வளவில் செய்தவை, சில வருடம் பாவித்தபின் இரண்டாங்கைச் சந்தைக்கு வருகின்றன. நிறை ஒன்றேகால் கிலோவை ஒட்டியிருக்கும். இரு மேசைகளிலும் ஒவ்வொரு திரையும் விசைப்பலகையும் காத்திருக்க, பெட்டி மட்டும் பையில் போய்வருகிறது.

மடிக்கணினி திரை, விசைப்பலகை, மின்கலம் யாவற்றையும் ஒரே உடலிற் பூட்டியது. ஓர் உறுப்புக்கு நோய் வந்தால் உடல் முழுவதையும் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தேயிலை நாட்டில் விசைப்பலகைமேல் தேநீர் சிந்துவது நடக்கக்கூடாத காரியமா? தனி விசைப்பலகையானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் ஒரு திருகாணிச் சாவியோடு திறந்து மாற்ற இப்பெட்டிகளில் இடமுண்டு. இக்கால மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு நேரே திரையை உயர்த்தி வைக்கலாம் என்பதும் கழுத்துவலியுள்ள ஆசிரியருக்குச் சிறு நன்மையன்று.

இனி மின்சாரம். இந்த வாதத்தின் உயிர்நிலை இதுதான். பழைய லக்சபான மின்நிலையம் 1950இலிருந்தும், தலவாக்கலையின் மேல் கொத்மலைத் திட்டம் 2012இலிருந்தும் இம்மலைகளின் நீரைக்கொண்டே நாட்டுக்கு ஒளி தருகின்றன. எனினும் விளக்கடியில் இருள் என்பது நம் அநுபவம். 2022 மார்ச் இறுதியில் எரிபொருட் பஞ்சத்தால் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே காரணமென்று அமைச்சர் அறிவித்தார். அனுமன் இலங்கைக்குத் தீ வைத்தான். இக்குரங்கோ விளக்கை அணைத்துவிட்டது!

மின்சாரம் நின்ற கணமே சிறு பெட்டியும் நின்றுவிடும். சேமியாத வேலை போய்விடும். மடிக்கணினியோ தன் மின்கலத்தால் தொடர்ந்து ஓடும். இதற்கு ஈடாக ‘யூ.பி.எஸ்.’ எனும் தடையில்லா மின்வழங்கி இரு மேசைகளிலும் வேண்டும். சாதாரண யூ.பி.எஸ்ஸில் உள்ள 12 வோல்ற், 7 அம்பியர்மணி மின்கலம் 84 வாற்றுமணி சக்தியைத் தேக்கும். மாற்றத்தில் பாதி வீணாகுமெனக் கொள்வோம். பெட்டியும் திரையும் சேர்ந்து 35 வாற் உண்டால், ஏறக்குறைய ஒரு மணிநேரம் கிடைக்கும். மின்கலம் பழையதானால் அதிற் பாதி. எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்த இது தாராளம். பதின்மூன்று மணிநேரத்துக்கு இது போதாது. யூ.பி.எஸ்ஸின் விலையையும் கூட்டிய பின்னரே எது மலிவு என்று பேச வேண்டும்.

ஆகவே மின்சாரம் நாட்கணக்கில் நிற்கும் மேட்டு லயங்களில் இருப்பவர் மடிக்கணினியையே வாங்குக. 2025 நவம்பர் இறுதியில் ‘திட்வா’ புயலின்போது மண்சரிவுகள் பாதைகளையும் மின்கம்பிகளையும் அறுத்த நாட்களில் யூ.பி.எஸ்ஸால் என்ன பயன்? மலையில் நின்று கொழுந்து நிறுப்பதைப் பதிவு செய்பவருக்கோ இவ்விரண்டும் வேண்டியதில்லை, கைப்பேசி போதும்.

தொழிற்சாலைக்குக் கருவியைக் கொண்டுசெல்வோருக்கு ஒரு சொல். நுவரெலியாவின் ஜனவரிப் பனியிற் குளிர்ந்த பெட்டியை, தேயிலை உலர்த்தும் அறையின் வெப்பக் காற்றுக்குள் திடீரென வைத்தால், குளிர்நீர்க் குவளையின் புறத்தே துளிர்ப்பதுபோல உள்ளே நீர் துளிர்க்கும். பைக்குள்ளேயே அரைமணிநேரம் இருக்கவிட்டுப் பின் இயக்குக. தேயிலை சலிக்கும் அறையிலோ அதைத் திறக்கவே வேண்டாம். அங்குள்ள மெல்லிய தூசியைச் சிறு விசிறி உறிஞ்சி அடைத்துக்கொள்ளும்.

பாவித்த பெட்டியை வாங்கப் போகிறவர் கடையிலேயே சிலவற்றைச் சோதிக்க வேண்டும். சுழலும் தட்டுள்ள சேமிப்பகமா, அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி.யா என்று கேளுங்கள்; பஸ் குலுக்கலுக்குப் பின்னதே ஏற்றது. வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாக்க எண்ணினால், அதற்குரிய எச்.டி.எம்.ஐ. துவாரம் உண்டா என்று பாருங்கள். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்பிளே போர்ட் மட்டுமே இருப்பதால் மாற்றி ஒன்று தேவைப்படும். வைஃபை அட்டை இல்லாதனவும் உண்டு. இருந்தாலும் கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையம் பெறலாம். கமெராவும் ஒலிவாங்கியும் இப்பெட்டிகளில் இரா. இணையவழி வகுப்பெடுப்பவர் அவற்றைத் தனியே வாங்க வேண்டும். பெட்டிக்குரிய மின்மாற்றி, அதே வோல்ற்றளவும் அதே முனையும் உடையது, கூடவே தரப்படுகிறதா என்பதைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.