கடல் தாண்டி வந்த காருக்கு முதல் பரீட்சை!

கார் பைத்தியங்களே, ஒரு நிமிஷம்! 2003-ல் வந்த ‘டூ ஃபாஸ்ட் டூ ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஒரு வெள்ளி நிற நிஸான் ஸ்கைலைன் ஓட்டுவாரே, ஞாபகம் இருக்கா? அந்த ஆர்-34 ஜி.டி.ஆர். ஜப்பானில் 1999 முதல் 2002 வரை தயாரானது. இந்த மாதிரி பழைய ஜப்பான் கார்களைக் கப்பலில் வரவழைத்து ஓட்டுவது பிரிட்டனில் பெரிய கிரேஸ். ரெண்டு நாட்டிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம், வண்டி போவது இடப்பக்கம். அப்புறம் என்ன? துறைமுகத்தில் இறக்கினோமா, சாவியைத் திருகினோமா, பறந்தோமான்னு போயிடலாமே?

அதான் இல்லை பாஸ்! நடுவில் ஒரு கறார் வாத்தியார் நிற்கிறார். அவர் பெயர் எம்.ஓ.டி.

யார் இந்த எம்.ஓ.டி?

‘மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்’ என்பதன் சுருக்கம். 1960-ல் ஆரம்பித்த இந்தச் சோதனை, முதலில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான். பிரேக், லைட், ஸ்டீயரிங் பார்த்தால் போதும். இப்போது மூணு வயது தாண்டிய பெரும்பாலான கார்கள் வருஷா வருஷம் எழுதியே ஆகணும்.

ஹால் டிக்கெட் முதலில்!

கார் வந்து 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தகவல் சொல்லணும். இல்லைன்னா பதிவே கிடையாது. பத்து வயதுக்குக் குறைந்த கார் என்றால் ஐ.வி.ஏ. என்ற இன்னும் கடினமான தேர்வு காத்திருக்கும். அதைத் தாண்டிய பெருசுகளுக்கு எம்.ஓ.டி. போதும். பாஸானால்தான் பதிவு. பதிவானால்தான் நம்பர் பிளேட். அப்போ நம்பர் இல்லாத காருக்கு டெஸ்ட் எப்படி? சேஸிஸ் நம்பர்தான் ரோல் நம்பர்! ஆர்-34 ஜி.டி.ஆர். என்றால் அது ‘பி.என்.ஆர்.34’ என்று ஆரம்பிக்கும்.

மாட்டிவிடும் குட்டி விளக்கு

கம்பீரமான இன்ஜினை வைத்துக்கொண்டு பல ஜப்பான் கார்கள் எதில் கோட்டை விடும் தெரியுமா? பின்னால் இருக்கவேண்டிய ஒரு சிவப்பு விளக்கில்! ரியர் ஃபாக் லேம்ப். பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்கான விளக்கு அது. ஜப்பானில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் 1980 ஏப்ரலுக்குப் பிறகு ரோட்டுக்கு வந்த கார்களுக்குக் கட்டாயம். அதுவும் நடுவிலோ வலப்பக்கத்திலோதான் இருக்கணும். பம்பருக்குக் கீழே ஒரு விளக்கு, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், அது எரிவதைக் காட்ட ஒரு குட்டி லைட். இவ்வளவுதான் வேலை. செய்யலைன்னா ஃபெயில்!

ஹெட்லைட்டில் மட்டும் ஜப்பான் காருக்கு லக். டிம் செய்தால் ஒளி இடது ஓரத்தைப் பார்த்து விழும். அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் கார் வலப்பக்கம் அடிக்கும். அதாவது நேரே எதிரில் வருகிறவர் கண்ணில்!

அடியில் என்ன இருக்கு?

அடுத்து, காரைத் தூக்கி அடிவயிற்றைப் பார்ப்பார்கள். துரு! பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் எல்லாம் பாடியோடு சேரும் இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு அரித்து பலம் போயிருந்தால் போச்சு. டயர் பட்டன் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். சத்தம் கெத்தா வரணும்னு முந்தைய ஓனர் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால், அதுக்கும் ஃபெயில்தான்.

பிரேக் டெஸ்ட்டில் நம்ம மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு ஸ்பெஷல். வழக்கமாகச் சக்கரங்களை ரோலரில் ஏற்றி பிரேக் விசையை அளப்பார்கள். இந்த வயது கார்களுக்கு அது வண்டி எடையில் பாதியாவது தேறணும். ஆனால், ஸ்கைலைன் ஜி.டி.ஆர். நாலு சக்கரத்துக்கும் பவர் போகிற வண்டி. ரெண்டு சக்கரத்தை மட்டும் ரோலரில் சுற்றினால் டிரான்ஸ்மிஷன் அடிவாங்கலாம். அதனால், டிசெலரோமீட்டர் வைத்து ரோட்டில் ஓட்டி பிரேக் அடித்துப் பார்ப்பார்கள். டைனமிக்ஸ் பேப்பர் வீணாகலை!

அரியர் வெச்சா?

பயப்படாதீங்க. வண்டியை அதே சென்டரில் விட்டு ரிப்பேர் செய்தால், 10 வேலை நாளுக்குள் மறுதேர்வு இலவசம்.

இதில் யோசிக்கவேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஜப்பானும் சும்மா விடும் நாடு இல்லை. ‘ஷாகென்’ என்ற சோதனை அங்கே புதுக் காருக்கு மூணாவது வருஷம், பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அங்கே பாஸான கார்தான் இங்கே விளக்கு இல்லாமல் மாட்டுகிறது. கார் கெட்டுப்போகலை, ரோடு மாறிடுச்சு. வண்டி எவ்வளவு வேகம் போகும்னு எம்.ஓ.டி. கேட்பதே இல்லை. அந்த வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் போகிறவர் பத்திரமாக வீடு சேருவாரா என்றுதான் கேட்கிறது.

நம்ம ஊரில் சொந்தக் காருக்கு எஃப்.சி. என்ற பேச்சு 15 வருஷம் கழித்துத்தான் வரும். அதுவரை பார்த்துக்கொள்ளவேண்டியது நாமதான். சைலன்சரை மாற்ற பாக்கெட் மணி சேர்க்கும் நண்பா... உன் பைக்கில் பிரேக் பிடித்தால் பின்லைட் எரியுதான்னு கடைசியா எப்போ பார்த்தே? நீ முன்னால் உட்கார்ந்திருக்கே, உனக்குத் தெரியாது. பின்னால் வருகிற லாரிக்காரருக்குத் தெரியணும்!